பனிமலையில் சொன்ன ‘விடு’

மடுமாதா துணை

லொங்குய்ய்
17 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சி எலிசாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். உன்னையும் பிள்ளை சாருஜாவையும் மாதா நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், ஒன்றும் தீராது. எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம். கொம்பியூட்டரில் அடித்து அனுப்புகிறேன்; நீயும் அப்படியே செய்.

உன் மனுசன் மரியதாசன் வந்து சேர்ந்து எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். மன்னாரில் கலியாண வீடுகளுக்கு ட்றோன் பறக்கவிட்டுப் படம் பிடித்தவர் என்பதற்காகத்தான் கூப்பிட்டேன், தங்கச்சி புருசன் என்பதற்காக இல்லை. வந்த அன்றே சொல்லிவிட்டேன்: “மச்சான் எண்டு வீட்டிலை கூப்பிடும். வேலையிலை பொஸ்.” சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தொழில் இதுதான். பக்கத்து நகரம் மொன்றியலுக்கு வடக்கே ஒரு பனிமலை. சனம் காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்கி இறங்குகிறது. அதை மேலிருந்து படம் பிடித்து அவர்களுக்கே விற்பது என் யோசனை. டவுன்டவுனில் கோப்பை கழுவிய காலத்தில் படித்த பாடம்: மனிசன் சாப்பாட்டில் கஞ்சத்தனம் பார்ப்பான், தன் முகத்தைத் தான் பார்ப்பதில் பார்க்கமாட்டான்.

சட்டம் கடுமை. ட்றோன் மெஷினைப் பதிய வேண்டும். பறக்கவிடுபவனுக்குச் சான்றிதழ் வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகக் கூடாது, ஆக்களுக்கு முப்பது மீற்றருக்குள் வரக் கூடாது. மலைக்காரன் இதற்குமேல் தன் நிபந்தனையையும் போட்டிருக்கிறான்: காலை ஒன்பதுக்கு முன்னர், சனம் இல்லாத சரிவில் மட்டும். மரியதாசன் சோதனையில் பாஸ். நீ போனில் தமிழாக்கிச் சொல்லிக் கொடுத்தாயாம். அப்படியென்றால் பாஸ் பண்ணியது நீதான். எனக்கும் சான்றிதழ் இருக்கிறது. ஒருவர் றிமோட் பிடிக்க மற்றவர் கீழே நின்று வானத்தைப் பார்ப்போம். மாறி மாறிச் செய்வோம்.

அவருடைய வேலை அனுமதி என் கொம்பனியோடு கட்டியது. கொம்பனி நின்றால்தான் அவர் நிற்பார். இந்தக் குளிர்காலம் ஒழுங்காகப் போனால் உன்னையும் பிள்ளையையும் கூப்பிடலாம்.

அண்ணன்
றெக்ஸ்


மடுமாதா துணை

மன்னார்
8 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

நாங்கள் சுகம். மழை விடாமல் பெய்கிறது. உங்களுக்குச் சலரோகம் எப்படி? இனிப்பைக் குறையுங்கோ.

அவரை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் நிம்மதியாக இருக்கிறேன். சோதனைக்குப் படிக்கும்போது ஒரு வரியில் தடக்கி நின்றார். ‘என்ன நடந்தாலும் பறக்கவிடுபவரே பொறுப்பு.’ “எலிசா, இது சரியான மொழிபெயர்ப்போ? பின்னாலை நிண்டு சொல்லுறவனுக்கு ஒண்டுமில்லையோ?” என்று கேட்டார். “சட்டம் அப்பிடித்தான் எழுதுவினம், பயப்பிடாதேங்கோ” என்றேன்.

அண்ணை, எங்களைக் கூப்பிடும் கதையை மறக்கவேண்டாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று அரசாங்கக் கச்சேரிக்கு எதிரே பலகை போட்டுக்கொண்டு, மற்றவர்களின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை ஆங்கிலமாக்கி முத்திரை குத்துகிறேன். நான் முத்திரை குத்திய பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள். என் பிள்ளை மட்டும் இங்கே கோழியைப் பார்த்து “பொன்ஜூர் மதாம்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிப் பழகுகிறாள்.

தங்கச்சி
எலிசா


மடுமாதா துணை

லொங்குய்ய்
16 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி,

சுகம். முதலில் இதை வாசி: மரியதாசனுக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை, எனக்கும் இல்லை.

போன சனிக்கிழமை மலையில் ஒரு விபத்து. பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்கும் கழகம் ஒன்றுக்குப் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தோம். தாய்தகப்பன்மார் எல்லாரும் கீழே வந்து நின்றார்கள். பிள்ளைகளின் பஸ் பிந்திவிட்டது. ஒன்பது மணியாகிச் சரிவைச் சனத்துக்குத் திறந்துவிட்டார்கள். காற்றும் எழும்பியது. மெஷின் மேலே போனது. ஆக்களை ஏற்றிப் போகும் கதிரைகள் தொங்கும் கம்பியில் பட்டது. விழுந்தது. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு பயிற்சியாசிரியையின் முகத்தில். இடது கண் இனி இல்லை என்கிறார்கள்.

கவலைதான். ஆனால் அவளுக்கு வேலைக் காப்புறுதி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுவார்கள். எங்களைப் பார்க்கத்தான் ஆளில்லை. போக்குவரத்து அமைச்சிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து விசாரிக்கிறார். மெஷினை இயக்கும் செயலி மரியதாசனின் போனில் இருந்தபடியால் போனை வாங்கி வைத்துவிட்டார். விசாரணை முடியும்வரை இதைப்பற்றி யாரோடும் கதைக்கக் கூடாதென்று கொம்பனி வழக்கறிஞர் சொல்லிவிட்டார். பெண்சாதியும் ‘யாரோடும்’ என்பதற்குள் அடக்கம். ஞாயிறுகளில் என் போனில் எடுத்துத் தருகிறேன், சுகம் விசாரித்துக்கொள்.

கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடு. யாருக்கென்று சாமி கேட்டால் ‘வியாபாரத்துக்கு’ என்று சொல்.

அண்ணன்
றெக்ஸ்


மடுமாதா துணை

மன்னார்
24 பெப்ரவரி 2025

அண்ணைக்கு,

உங்கள் சுகத்துக்கும் அந்தப் பெண்ணின் மற்றக் கண்ணுக்கும் மன்றாடுகிறேன். பூசை அவளுக்காகத்தான் ஒப்புக்கொடுத்தேன். கோபிக்க வேண்டாம்.

றிமோட் யாருடைய கையில் இருந்தது? நீங்கள் எழுதியதில் மெஷின் தானே போகிறது, தானே படுகிறது, தானே விழுகிறது. எழுவாய் இல்லாத வசனம் வந்தால் நான் பேனையை வைத்துவிட்டு, கொண்டு வந்தவரிடம் கேட்பது வழக்கம்.

ஞாயிறு அவரோடு கதைத்தேன்.

“சாப்பிட்டீங்களே?”

“ஓம்.”

“சரியான குளிரே?”

“ஓம்.”

“அண்ணை பக்கத்திலை நிக்கிறாரே?”

“ஓம்.”

மூன்றும் ‘ஓம்’தான், அண்ணை. மூன்றாவது வேறு மாதிரி. அவருக்கு ஏதும் வருமோ? வேலை அனுமதி போனால் நாங்கள் மூன்று பேரும் எங்கே போவோம்? கெதியாக எழுதுங்கோ.

எலிசா


மடுமாதா துணை

லொங்குய்ய்
9 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி,

இங்கே எல்லாருக்கும் மூக்கொழுகத் தடிமன். வேறு குறையில்லை. சாருஜாவின் இருமல் நின்றதோ?

உன் கேள்விக்கு எழுத்தில் பதில் தர வழக்கறிஞர் விடமாட்டார். அதைவிட அவசரமான அலுவல் ஒன்று உன்னால் ஆக வேண்டியிருக்கிறது.

கீழே நின்ற தகப்பன் ஒருவன் தலைக்கவசத்தில் கமெரா கொழுவியிருந்தான். அதில் மெஷின் மேலே போவதற்குச் சற்று முன் ஒரு குரல் தமிழில் ‘விடு, விடு’ என்கிறது. விசாரணைக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் ‘போகவிடு என்றும் கொள்ளலாம், நிறுத்து என்றும் கொள்ளலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிகிறார். பிரெஞ்சில் விடு என்பதற்கான ‘லெஸ்’ என்றாலும் இதே இழவுதானாம்.

முழு வழக்கும் இப்போது இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. ‘நிறுத்து’ என்ற பொருள் நிலைத்தால் அந்தக் குரலுக்கு உரியவர் தப்பிவிடுவார். ‘போகவிடு’ என்றால் அவர் தொலைந்தார். சொல் பிறந்த ஊரிலிருந்தே ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பொருளை உறுதிப்படுத்தினால் எடுபடும் என்கிறார் வழக்கறிஞர். நிலைமை உனக்குத் தெரியும்: காற்று பிழை, சனம் இறங்குகிறது, ஒருவர் பதறி நிற்கிறார், மற்றவர் ‘விடு, விடு’ என்கிறார். இதை வைத்து எழுதி, முத்திரை குத்தி, உடனே அனுப்பு.

உன் மொழிபெயர்ப்பாளர் பதிவு எங்கள் ஐயாவின் பெயரில் ‘செபமாலை’ என்று இருப்பது நல்லதாய்ப் போயிற்று. நான் அகதியாக வந்தபோது இங்கே ஒருவன் என் பெயரைத் தலைகீழாக்கி றெக்ஸைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டான். நாங்கள் சகோதரம் என்று ஒரு குருவிக்கும் தெரிய வராது.

அண்ணன்
றெக்ஸ்


மடுமாதா துணை

மன்னார்
15 மார்ச் 2025

அண்ணைக்கு,

சாருஜா சுகம். எனக்குத்தான் நித்திரை இல்லை.

கேட்டபடி எழுதி முத்திரையிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். சாரம் இது: ‘விடு என்னும் வினை இரட்டித்து வருமிடத்துப் பெரும்பாலும் ஒன்றைக் கைவிடச் சொல்வதாகும். சண்டை பிடிப்பவனையும் அழும் பிள்ளையையும் விடு, விடு என்றே தடுப்பர். ஆபத்து வேளையில் பதறி நிற்பவரிடம் கூறப்பட்டதால் இங்கே இதன் பொருள் நிறுத்து என்பதே.’

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் ‘விடு’ என்பது ஒரு மறுமொழி மாதிரி இருக்கிறது. அதற்கு முன் யாரும் ஏதும் கேட்டார்களா என்று தெரிந்திருந்தால் இன்னும் திடமாக எழுதியிருப்பேன். நீங்கள் அவசரம் என்றபடியால் விட்டுவிட்டேன்.

அது இவருடைய குரல்தானே, அண்ணை? நிறுத்தச் சொன்னது இவர்தானே? ‘ஓம்’ என்று ஒரு சொல் எழுதுங்கோ, போதும்.

எலிசா


மடுமாதா துணை

லொங்குய்ய்
23 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி,

எல்லாரும் சுகம். நீ அனுப்பியது கிடைத்தது. வழக்கறிஞர் வாசித்துவிட்டு, “இந்த அம்மாவுக்கு மொழி தெரிகிறது” என்றார். எனக்குப் பெருமை. நீ ஆம்பிளையாகப் பிறந்திருந்தால் எனக்கு முதலே கடை போட்டிருப்பாய்.

அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். பிள்ளைக்கு இளநீர் குடிக்கக் கொடு.

அண்ணன்
றெக்ஸ்


லொங்குய்ய்
20 ஏப்ரல் 2025, உயிர்ப்பு ஞாயிறு

அன்பின் எலிசாவுக்கும் செல்லமகள் சாருஜாவுக்கும்,

பெருநாள் வாழ்த்துகள். நான் இருக்கிறேன். பூசைக்குப் போன இடத்தில் கோயில் மண்டபத்திலிருந்து கையால் எழுதுகிறேன். அக்னெஸ் அக்கா என்று ஒரு நல்ல மனுசி நாளைக்குத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறா.

அன்று றிமோட் என் கையில். நான் சரிவின் மேலே நின்றேன், பொஸ் கீழே நின்றார். மரங்கள் ஆடுவதைப் பார்த்து வாக்கிடோக்கியில் சொன்னேன், “பொஸ், ஆக்கள் இறங்கீனம். காத்தும் பிழை.” பதில் வரவில்லை. திரும்பக் கேட்டேன், “விடட்டே?” அவர் சொன்னார், “விடு, விடு.” நான் விட்டேன்.

விசாரணையில் ஒரு கடதாசியைத் தூக்கிக் காட்டினார்கள். வாசிக்க முன்னமே முத்திரை தெரிந்தது. வலது ஓரம் தேய்ந்த முத்திரை. புதிசு செய்யச் சொல்லி எத்தனை தரம் சொல்லியிருப்பேன் உனக்கு. நிறுத்தச் சொன்ன பிறகும் பறக்கவிட்டவன் என்று இப்போது என்னை எழுதியிருக்கிறார்கள்.

நீ தெரிந்து செய்திருக்கமாட்டாய். அது எனக்குத் தெரியும்.

நான் கேட்ட கேள்வியும் அந்தக் கமெராப் பதிவில் இருக்கிறது, எலிசா. பொஸ்ஸின் வாக்கிடோக்கி இரைச்சலுக்குள் கடைசித் துண்டு மட்டும் கேட்கிறது: ‘ட்டே’. மொழிபெயர்த்தவர் சென்னைப் பக்கத்தவர். அதை ‘டேய்’ என்று எழுதிவிட்டார். முதலாளியைப் பார்த்து நான் ‘டேய்’ என்றேனாம், அவர் பொறுமையாக ‘விடு, நிறுத்து’ என்றாராம். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு முரடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நீ எங்கள் ஊர்க்காரி. ‘விடட்டே’ என்று கேட்டவனுக்கு ‘விடு’ என்றால் ஒரே பொருள்தான் என்று நீ எழுதினால் போதும். பதிவைத் திரும்பக் கேட்பார்கள். மே மாதம் முடியும்வரை புதுச் சாட்சியம் ஏற்பார்களாம். விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கண்ணுக்கு எனக்கும் பங்கிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல் கேளாதவன் என்ற பெயரோடு என்னை வரவிடாதே.

மகளுக்கு முத்தங்கள்.

மரியதாசன்


மன்னார்
5 மே 2025

அண்ணைக்கு,

தலைப்பில் மாதாவின் பெயரை எழுத இன்று கை வரவில்லை. உங்கள் சுகமும் கேட்கவில்லை.

அவருடைய கடிதம் வந்தது. என் தாலிக்கு என் முத்திரையாலேயே குத்துவித்திருக்கிறீர்கள். ‘அது அவருடைய குரல்தானே’ என்று கேட்டேன். பிள்ளைக்கு இளநீர் கொடுக்கச் சொல்லி எழுதினீர்கள். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன் செய்கிற வேலையா இது? பக்கத்துக் கடைக்காரனுக்கும் இப்படிச் செய்யமாட்டீர்கள், அவன் திருப்பி அடிப்பான் என்று பயம் இருக்கும்.

‘விடட்டே’ என்பது அனுமதி கேட்பது. அதற்கு ‘விடு’ என்றால் அனுமதி தருவது. சாருஜாவுக்கும் இது தெரியும். இரண்டாவது சாட்சியத்தை எழுதி முத்திரையும் குத்திவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன்.

எலிசா


மடுமாதா துணை

லொங்குய்ய்
7 மே 2025

அன்புத் தங்கச்சி,

நான் சுகம், நீ கேட்காவிட்டாலும்.

ஓம், என் குரல்தான். ஓம், பறக்கவிடத்தான் சொன்னேன். தாய்தகப்பன்மார் குளிரில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் நீ நின்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். எழுதி முத்திரையும் குத்திவிட்டு, அனுப்பாமல் எனக்கு முதலில் எழுதினாய் பார், அதில் தெரிகிறது நீ செபமாலையின் மகள் என்று. ஆகையால் திட்டுவதை நிறுத்திவிட்டு வியாபாரம் கதைப்போம்.

நீ அதை அனுப்பினால் குற்றம் என் தலையில். மலைக்காரன் கைகழுவுவான், கொம்பனியைப் பூட்டுவேன். கொம்பனி போனால் மரியதாசனின் அனுமதியும் போகும். நல்ல மனுசன் என்ற பெயரோடு விமானம் ஏறி வருவார். நீங்கள் மூன்று பேரும் மன்னாரில் ஒற்றுமையாகச் செபமாலை சொல்லிக்கொண்டு இருக்கலாம். சாருஜா கோழிக்கு பொன்ஜூர் சொல்லிக்கொண்டே கிழவியாவாள்.

அனுப்பாவிட்டால் குற்றம் அவர் பெயரில். தண்டப் பணத்தை நான் கட்டுகிறேன். சான்றிதழ் போகும், ஜூனில் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவேன். அவர் இருந்த இடம் காலி. அந்த இடத்துக்கு உன் பெயரைக் கொடுக்கிறேன். கொம்பனியின் கணக்கும் கடிதமும் நீ பார்ப்பாய். செப்டெம்பரில் சாருஜா இங்கே பள்ளிக்கூடம் போவாள். அவரைப் பேந்து கூப்பிடலாம். பேந்து என்றால் எப்போது என்று நான் சொல்லவில்லை.

எப்படிப் பார்த்தாலும் மனுசன் ஊருக்குத்தான் வரப்போகிறார். உன் சாட்சியத்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு நல்ல பெயர் மட்டும். அந்தப் பெயர் பிள்ளையின் எதிர்காலத்துக்கு ஈடா என்று நீயே நிறுத்துப் பார்.

அவருக்கு என்ன சொல்வது என்று யோசிப்பாய். செய்த சத்தியத்தை மாற்றினால் பதிவு பறிபோகும் என்று சொல். அது உண்மையும்கூட.

அண்ணன்
றெக்ஸ்


மடுமாதா துணை

மன்னார்
21 மே 2025

அண்ணைக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறேன்.

சாருஜாவின் பாஸ்போட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என்னுடையது தயாராக இருக்கிறது. பள்ளிக்கூடம் பிரெஞ்சிலா என்று விசாரித்து எழுதுங்கோ. பேஸ்மென்றில் வேண்டாம், சன்னல் உள்ள அறையாகப் பாருங்கோ.

நாங்கள் அங்கே வரும் கதையை இவருக்கு இன்னும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்கிறேன். அங்கே வைத்துச் சொன்னால் வரமாட்டார்.

தங்கச்சி
எலிசா


மடுமாதா துணை

மன்னார்
2 ஜூன் 2025

அன்புள்ள சாருஜாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் மெலிந்துபோனீர்கள் என்று குரலிலேயே தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நீங்கள் கேட்ட சாட்சியத்தை எழுத என்னால் முடியவில்லை. செய்த சத்தியத்தை நானே மாற்றினால் பதிவைப் பறித்துவிடுவார்களாம். பிறகு எங்களுக்குச் சோறு ஏது? மே மாதமும் முடிந்துவிட்டது. நடந்தது நடந்ததாக இருக்கட்டும். உங்களை எனக்குத் தெரியும், அது போதாதா? அண்ணையோடு சண்டை பிடிக்காமல், அவர் தரும் டிக்கெட்டில் வந்து சேருங்கோ. வாசலில் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒரு சின்ன அலுவல். வரும்போது சாருஜாவுக்கு ஒரு குளிர்ச் சட்டையும் சப்பாத்தும் வாங்கி வாருங்கோ. பள்ளிக்கூடத்தால் நுவரெலியா மலைக்குக் கூட்டிப் போகிறார்களாம். நுவரெலியாவுக்கு இவ்வளவு தடிப்பான சட்டை எதற்கு என்று யோசிக்க வேண்டாம். உங்களுக்குத்தான் அந்தக் குளிர் தெரியுமே, பனியில் நின்றாலும் தாங்கக்கூடியதாகப் பார்த்து எடுங்கோ.

உங்கள் அன்பு மனைவி
எலிசா